பெட்டியில்லாத வால்வு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஹட்டன் கடைத்தெருவில் ரேடியோக் கடை முதலாளி மூன்றாவது கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலில் என் கண்ணில் பட்டது மேசைமேல் இருந்த தேயிலைச் சாம்பிள் டின். மூடி திறந்திருந்தது. உள்ளே பஞ்சில் புதைந்த கண்ணாடி வால்வுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். ஒன்றுக்கும் அட்டைப்பெட்டி இல்லை. ஒன்றின் மேலும் அச்செழுத்து முழுதாக இல்லை. நூலில் கட்டிய காகிதத் துண்டுகளில் எண்களைக் கையால் எழுதியிருந்தார்.

இவை யாருடைய ரேடியோவிலிருந்து கழற்றப்பட்டவை என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் அச்சான ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் மலைநாட்டுச் செய்திகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னோடு வந்தவர் வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வயர்மேன். வேலை முடிந்தால் கிட்டார் வாசிப்பார். அவருடைய சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு வால்வுகள் இருந்தன. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயரில் ஜோடியாக உழைப்பவை. ஒன்று செத்துவிட்டது, அதன் உச்சியில் இருக்கவேண்டிய வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தது. மற்றது பிழைத்திருந்தது.

ஆம்ப்ளிபயர் அவருடையதல்ல. துரைமார் கிளப்பினுடையது. அவருடைய அக்காவின் கணவர் அந்தக் கிளப்பில் பணியாள். முந்தைய வெள்ளிக்கிழமை தோட்டத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. மைத்துனரான வயர்மேனுக்காகப் பணியாள் யாருக்கும் சொல்லாமல் பின்கதவு வழியாக ஆம்ப்ளிபயரை எடுத்துக் கொடுத்திருந்தார். கல்யாண வீட்டுக்கு ஸ்டோரிலிருந்து வயர் இழுத்தார்கள். ஸ்டோர் மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. இலை உருட்டும் மெஷின்கள் ஓடும்போது ஒடுங்கிக் கிடக்கும். அவற்றை நிறுத்தினால் ஒரு கணம் துள்ளும். இதை அந்தத் தோட்டத்தில் வயர்மேனைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. மெஷின் நிற்கும் நேரத்தில் ஆம்ப்ளிபயர் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அந்த நேரம் வந்தபோது கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டது. கேட்டவர்களில் நானும் ஒருவன். பல்புகள் வெள்ளையாக எரிந்தன. கிட்டார் சத்தம் பாதியில் நின்றது.

வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கிளப்பில் நடனம். கண்டியிலிருந்து வரும் வாத்தியக்காரர்கள் அந்தப் பெட்டியில்தான் கிட்டாரை மாட்டுவார்கள். அது ஊமையாக இருந்தால் யார் எடுத்தது என்ற கேள்வி வரும். பணியாளுக்கு வேலை போகும். வேலையோடு, கிளப்புக்குப் பின்னால் அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்த அறையும் போகும்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேப்பர்காரரும் கூட வந்திருக்காரே. என்ன, என்னப் பத்தி எழுதவா?”

“எழுதுற மாதிரி ஏதாவது இருக்கா நானா?” என்றேன். முஸ்லிம் கடைக்காரர்களை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அங்கே கூப்பிடுவோம்.

“ஈக்குதா இல்லயாண்டு நீங்கதானே கண்டுபுடிக்கணும்.” செத்த வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது யாருட சாமான்?”

“கூட்டாளி ஒருத்தரோடது” என்றார் வயர்மேன்.

“கூட்டாளி தொரையா? இந்த வால்வு போட்ட பெட்டி இந்தச் சுத்துவட்டாரத்துல ரெண்டுதான் ஈக்கு. ஒண்ணு சர்ச்சுல. உங்க ரெண்டு பேரையும் பார்த்தா சர்ச்சுக்குப் போற ஆக்கள் மாதிரி தெரியல.”

இப்படி அடையாளம் கண்டுவிடுவார் என்றுதான் ஆம்ப்ளிபயரைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. போட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. கடைக்காரரின் டெஸ்டரை நம்பவேண்டும், அல்லது கண்ணை நம்பவேண்டும்.

டெஸ்டர் ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் ஒரு வளைவு, நடுவில் ஊசி. கடைக்காரரின் கருவி கடைக்காரருக்குச் சாதகமாகத்தான் பேசும் என்று நினைத்தேன். செத்ததை முதலில் போடச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். அப்படியே போட்டார். ஊசி அசையவில்லை. பிழைத்ததைப் போட்டார். பச்சையின் நடுவில் நின்றது. டின்னிலிருந்து மூன்றை எடுத்தார். முதலாவது மஞ்சளில் நின்றது; “இது வேணாம்” என்று அவரே ஒதுக்கினார். இரண்டாவது பச்சையில், பிழைத்த வால்வு நின்ற அதே இடத்தில் நின்றது. மூன்றாவது கொஞ்சம் மேலே போனது.

“இந்த ரெண்டாவது போதும் அண்ணே” என்றார் வயர்மேன். “நம்ம பழசோட ஜோடி சேருது.”

“எழுத்து எங்க நானா?” என்று கேட்டேன்.

“பூஞ்சணம் துடைச்சா எழுத்தும் கூடவே போகும். இந்த மழைக்குப் பெட்டியெல்லாம் உக்கிப் போகுது. அதை எரிச்சிட்டு சாமான டின்னுல போட்டு வெப்பேன்.”

நல்ல விளக்கம். எனக்கு நல்ல விளக்கங்களில் நம்பிக்கை குறைவு. தயாராக இருக்கும் பதில்களைத் தினமும் கேட்டு எழுதுகிற தொழில் என்னுடையது. பெட்டியோடு ஏதும் இல்லையா என்று கேட்டேன். அவர் மேசைக்குக் கீழிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“போன கிழமை கொழும்புல இருந்து ஒருத்தன் கொண்டாந்தான். பெட்டிதான் வேணுமுண்டா இது ஈக்கு. நான் ஒண்ணும் சொல்லல்ல.”

அட்டை மொறமொறவென்று இருந்தது. மடிப்புகள் கசங்கவில்லை. பெட்டியிலும் கண்ணாடியிலும் எழுத்துகள் ஒரே மாதிரி, ஒரே நேர்க்கோட்டில், மை எங்கும் கசியாமல் பதிந்திருந்தன. அச்சகத்தில் புரூப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை. டெஸ்டரிலும் இரண்டும் பச்சையில் நின்றன.

வயர்மேன் என் காதருகே வந்தார். “அண்ணே, ஹட்டன்ல இவ்வளவு காய்ஞ்ச பெட்டிய நான் பார்த்ததே இல்ல. வெளிநாட்டுச் சாமான் இறங்குறதே இல்லங்குறாங்க. இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?”

“கொழும்புல.”

“கொழும்புல இருந்தா அங்கேயே வித்திருக்குமே. மலையேறி ஏன் வருது?”

கேள்வி சரியானது. ஆனால் அது கடைக்காரரின் கேள்வியாக எனக்குப் பட்டது. என்னோடு வருவதற்கு முன்பே வயர்மேனும் அவரும் பேசி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகித்தேன். எழுத்தில்லாத வால்வைத் தள்ளிவிட ஒருவர், அதற்கு ஒத்தூத ஒருவர். பெட்டியில் இருந்த ஜோடியையே வாங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வாங்கினோம்.

பஸ் நிற்கிறதா என்று பார்க்க நான் முன்னால் நடந்தேன். வயர்மேன் பின்னால் வந்தார். இரண்டு நிமிடம் தாமதம். வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் வெளியே வரவில்லை. கடைக்காரர் அவருக்குத் தரகுக் காசு ஏதோ கொடுத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளப்பின் பின்கதவு திறந்தது. கிளப் செயலாளரான துரை ஐந்து மணிக்கு வந்து எல்லாவற்றையும் பார்ப்பார் என்றார் பணியாள். அவர் ஏற்கெனவே வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்துப் பித்தானை மாற்றி மாட்டியிருந்தார். சாமான் அறையில் வயர்மேன் ஆம்ப்ளிபயரின் முதுகுப் பலகையைக் கழற்றி, புது ஜோடியைச் செருகினார். இழைகள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. கிட்டாரை மாட்டி ஒரு தந்தியைத் தட்டினார். சத்தம் வந்தது. பணியாள் உட்கார்ந்தார்.

பத்தாவது நிமிடம் இடதுபக்க வால்வின் உள்ளே இருந்த தகடு சிவக்கத் தொடங்கியது. முதலில் ஓரத்தில், பிறகு முழுவதும், அடுப்புக் கரிபோல. வயர்மேன் சுவிட்சை அணைத்தார். ஆறும்வரை பொறுத்து அதைக் கழற்றி, வாயருகே வைத்து ஊதினார். குளிர்ந்த அறையில் கண்ணாடி மங்கியது. அந்த ஆவியில் புது எழுத்துகளுக்குக் குறுக்கே வேறொரு எழுத்து வரிசை தெரிந்தது: இன்னொரு கம்பெனிப் பெயரின் பாதி. விரலை நனைத்துத் தேய்த்தார். மேலிருந்த அச்சு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“எங்கேயோ உழைச்சுக் களைச்சதுண்ணே. டெஸ்டர்ல ஒரு நிமிஷம் தாங்கும், சூடேறினா தாங்காது. குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு அனுப்பியிருக்காங்க.”

பணியாள் என்னைப் பார்த்தார். “இதையா பேப்பர்காரர் பார்த்து வாங்கினது?”

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றடிக்க ஏழு நிமிடம். ஹட்டனுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை.

வயர்மேன் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். உள்ளே டின்னிலிருந்த இரண்டாவது வால்வு. கழுத்தில் இன்னும் காகிதத் துண்டு.

“நானாதான் குடுத்துவிட்டாரு. தேவைப்படலன்னா திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கச் சொன்னாரு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா அவரைக் கோர்ட்டுல ஏத்தியிருப்பீங்க. என்னைச் சாட்சிக் கூண்டுல நிறுத்தியிருப்பீங்க.”

பிழைத்திருந்த பழைய வால்வும் எழுத்தில்லாத வால்வும் அருகருகே ஏறின. அரைமணி நேரம் எரியவிட்டோம். எதுவும் சிவக்கவில்லை. வயர்மேன் பென்சிலால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினார். ஸ்பீக்கரில் கரகரப்பு இல்லை. பிறகு அவர் கையெடுத்துவிட்டு நின்றபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. பணியாளுக்கு அது பிடிக்கவில்லை.

“என்னடா இது? பெட்டி போட்டா எப்பவும் வண்டு மாதிரி இரையுமே. செத்துப் போச்சா?”

“அது ஜோடி சரியில்லாம இரைஞ்சது மச்சான். இப்ப ஒத்துப்போச்சு. இரையாதது நல்லதுதானே?”

“யாருக்கு நல்லது?” என்று கேட்டுவிட்டுப் பணியாள் முதுகுப் பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார்.

ஏழு மணிக்கு நானும் வயர்மேனும் சமையலறைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றிருந்தோம். கண்டிக்காரர்களின் கிட்டார் தெளிவாகக் கேட்டது. வயர்மேன் பாட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் “இனிப் போகலாம்” என்றார்.

மறுநாள் காலை பணியாள் கடைத்தெருவில் என்னைத் தேடி வந்தார். நடனம் குறையில்லாமல் முடிந்திருந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்குத் துரை பெட்டியைப் போட்டுப் பார்த்தபோது வழக்கமான இரைச்சலுக்காகக் காதைக் கொடுத்திருக்கிறார். அது வரவில்லை. அணைத்து மறுபடி போட்டிருக்கிறார். பிறகு, இதை யார் தொட்டது என்று கேட்டிருக்கிறார்.

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“தூசி தட்டினேன்னு சொன்னேங்க. ‘நீ நல்லாத்தான் தட்டியிருக்க’ன்னு தொரை சொன்னாரு. சிரிக்கலைங்க.”

பணியாளின் வேலை போகவில்லை. குடும்பம் அந்த அறையிலேயே இருந்தது. திங்கட்கிழமை ஒரு தச்சர் வந்து சாமான் அறைக் கதவின் பூட்டை மாற்றினார். புதுப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. அதைத் துரை தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.