அக்கா காட்டில் போட்ட போர்

இன்று காலை எங்கள் சூரமங்கலம் தெருவில் போர் போடும் ரிக் வண்டி ஒன்று வந்து நின்றது. கல்மாவு வாசம் ஜன்னல் வழியாக வந்ததும், எத்தனையாவது ராடு இறங்குகிறது என்று காது தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. கழுதைக்கு வயதானாலும் பழகிய தடம் மறக்காது போலிருக்கிறது.

நான் திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் டிரில்லராக இருந்தவன். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டித்தான் போர் போட ஆரம்பிப்போம். தண்ணீர் பீறிட்டால் வீட்டுக்காரம்மா செம்பில் பிடித்து எங்களுக்குக் கொடுப்பார். சேறாகத்தான் இருக்கும், ஆனாலும் மறுக்கக் கூடாது. பாதி ஜில்லாவின் பாறையைக் கரைத்துக் குடித்த வயிறு இது.

வெண்ணந்தூரில் என் அக்கா வெள்ளாமை செய்த காட்டை ஒட்டி ஒருவர் புதுவீடு கட்டினார். அறைக்கு அறை பாத்ரூம், மாடியில் பெரிய டேங்க். போர் போட எங்கள் வண்டிதான் போனது. நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் குறித்த இடம் அக்காவின் கிணற்றுக்கு மிக அருகில். தெரிந்துதான் போட்டேன். நல்ல தண்ணீர் வந்தது. தம்பி கைராசிக்காரன் என்று அக்காவும் வேலியோரம் நின்று பூரித்தாள்.

அடுத்த கோடையில் அவள் கிணறு வற்றியது. தென்னைகள் குருத்தோடு காய்ந்தன. திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவள் சோறு போட்டாள்.

"நீ போடலீன்னா வேற வண்டிக்காரன் போட்டிருப்பான், உடு சாமி. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. அவிங்களதவிட ஆழமாப் போயிரோணும்."

"அவிங்களுக்கு வத்திப் போயிருமேக்கா?"

"எனக்கு வத்துனப்ப அவிங்க வந்து கேட்டாங்களா?"

போட்டேன். அக்கா செம்போடு பக்கத்திலேயே நின்றாள். மேலே வந்தது வெள்ளைப் புழுதி மட்டும்தான். அவள் புருவமெல்லாம் வெளுத்துப்போயிற்று.

"இன்னும் ஒரு ராடு எறக்கு சாமி."

"வண்டில இருந்ததெல்லாம் எறக்கியாச்சுங்கக்கா."

அப்போதே எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராடுகளை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

இப்போது அங்கே காடும் இல்லை, கிணறும் இல்லை. எல்லாம் மனை பிரித்து வீடாகிவிட்டது. அக்கா நாமக்கல்லில் மகனோடு மாடி வீட்டில் இருக்கிறாள். போன வாரம் பார்க்கப் போனேன். குழாயைத் திறந்துவிட்டபடியே பாத்திரம் துலக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். முன்பெல்லாம் குடத்தில் கொஞ்சம் தளும்பினாலும் வளவு வீடெல்லாம் அதிரத் திட்டுகிறவள். தொட்டி நிரம்பி வழிந்தது. அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். இருவரும் குழாயை மூடவில்லை.