தப்பிய பிறகு தாசண்ணை வாழ்ந்த ஏழு மாதங்கள்

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது தாசண்ணையின் மனைவி ரீற்றா அக்காவின் அழைப்பு வந்தது. "பிள்ளை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்." நான் பட்டியை அவிழ்த்து, அளவை எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

எங்கள் வைத்தியசாலையில் வேலை செய்தவர்களுக்கு அம்புலன்ஸ் சாரதி மரியதாஸை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, பதினெட்டு வருடங்கள் இந்த வவுனியா வீதியில் நோயாளர்களை ஏற்றி ஓடியவர். எல்லோருக்கும் தாசண்ணை.

ஒருமுறை மாரடைப்பு வந்த வயல்காரர் ஒருவரை வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். தாதியாக நான் பின்னால் இருந்தேன். பயத்தில் அவர் என் கையை விடவில்லை. "ஐயா, ஓமந்தை தாண்டிட்டம். இனி ஆசுப்பத்திரிதான்" என்று தாசண்ணை முன்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். நாங்கள் அப்போது ஓமந்தைக்கு வெகு முன்னாலேயே வரும் மாங்குளத்தைக்கூடத் தாண்டவில்லை. பிறகு கேட்டபோது, "பயந்து கிடக்கிற ஆளுக்கு வழியைக் குறைச்சுத்தான் சொல்லவேணும் பிள்ளை" என்றார்.

இந்த வருடம் மாசியில் மாரடைப்பு வந்து அவரே அந்த அம்புலன்ஸ் படுக்கையில் கிடந்தார். வேறொரு சாரதி ஓட்டினார். "அண்ணை, ஓமந்தை தாண்டிட்டம்" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "பொய் சொல்லாதேங்கோ பிள்ளை. இன்னும் புளியங்குளம் வரேல்லை" என்றார்.

பிழைத்தார். அடைப்பை நீக்கியாயிற்று, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினோம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். முகம் வழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது. இரண்டு விரல்களால் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். குளிக்கப் போனால் ரீற்றா அக்கா கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். கூட்டாளிகள் வந்தால் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொள்வாராம். நானும், "உயிர் தப்பினதே பெரிய விசயம் அண்ணை, சந்தோசமா இருங்கோ" என்றேன். அவர் அழத் தொடங்கினார். "எல்லாரும் தப்பிட்டாய், தப்பிட்டாய் எண்டினம். எனக்கு அப்பிடித் தெரியேல்லைப் பிள்ளை."

ஆனி மாதம், அவர் போடாமல் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த, இரண்டு கிழமைக்குரிய மருந்துக் குளிசைகளை ரீற்றா அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் போய் ஏசினேன். "மறக்கேல்லை. கையிலை எடுப்பன். ஏன் போடவேணும் எண்டு யோசிப்பன். ஒண்டும் வராது. வைச்சிடுவன்" என்றார்.

மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வரும் என்பது நான் படித்த பாடம். கண்முன்னால் இருந்ததும் அதுதான் என்று எனக்கு விளங்கியது. மனநல கிளினிக்குக்குப் போவோமா என்று கேட்டேன். "நான் ஆக்களை ஏத்தி இறக்கின இடத்திலை, விசர் எண்டு பேர் எடுக்கவோ?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வேறு ஊருக்குக் கூட்டிப்போயிருக்கலாம். மருத்துவரிடம் நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். மனநல கிளினிக்கின் பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயரை எழுத எனக்கும் கூச்சமாக இருந்தது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

அடக்கத்தன்று சேமக்காலையில் ஒருவர், "குளிசையை ஒழுங்காப் போட்டிருந்தா இருந்திருப்பார்" என்றார். ரீற்றா அக்கா திரும்பினார். "அந்த மனுசன் ஏழு மாசமாச் செத்துக்கொண்டெல்லோ இருந்தவர். ஆர் பாத்தனீங்கள்?" அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார். நானும்தான்.

இறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, நோய் வந்த பின் முதல் தடவையாகத் தனியே வைத்தியசாலைக்கு வந்தார். என் அறை வாசலில் நின்று, "பிள்ளை, உங்களோடை ஒரு கதை கதைக்க இருக்கு" என்றார். வரிசை நீண்டிருந்தது. "கிளினிக் முடியட்டும் அண்ணை, இருங்கோ" என்றேன். முடித்து வெளியே வந்தபோது அவர் இருந்த வாங்கு வெறுமையாக இருந்தது. "கனநேரம் இருந்தவர்," என்றார் காவலாளி. "பிள்ளைக்கு வேலை கூட, குழப்பவேண்டாம் எண்டிட்டுப் போட்டார்."

அன்று பின்னேரம் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சனி, ஞாயிறும் போகவில்லை. திங்களன்று களைப்பாக இருந்தது. செவ்வாய் காலை அழைப்பு வந்துவிட்டது. தாசண்ணையிடமிருந்து என்னோடு இருப்பது, நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கதை.