பலாமர வளைவில் சிவப்பு வண்டி முந்தும்!

"மோட்டார்ல ஏறுனாலே தலை சுத்துதுங்கற புள்ள... பந்தயத்துல எந்த வண்டி செயிக்கும்னு எழுதறயாக்கும்?"

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரப் பத்தியை என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மாமா இப்படிச் சொன்னார். நாமக்கல்லுக்கும் எருமப்பட்டிக்கும் நடுவே சொந்த பஸ் ஓட்டுகிறவர். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமா?

"பலிச்சா எனக்கு பஸ் ஓட்டக் கத்துத் தருவீங்களா மாமா?"

"பலிக்கட்டும், பாக்கலாம்."

நான் எழுதியது நினைவிருக்கிறதா? ஏற்காட்டு மலைப்பாதையில் தோட்டத்துத் துரைமார் நடத்தும் கார் பந்தயத்தில், பலாமரம் நிற்கும் வளைவில் சிவப்பு வண்டி பச்சை வண்டியை முந்தும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஆதாரம்? ஐரோப்பாவின் கிராண்ட் பிரீ பந்தயங்களைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் வருவதை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எந்த வண்டிக்கு எத்தனை குதிரைச் சக்தி, எது வளைவில் திணறும்... எல்லாம் அத்துப்படி!

அதன் பலன் — பந்தயத்தன்று மாமாவின் பஸ் நிறைய எருமப்பட்டி ஜனம். மலையடிவாரத்தில் இறங்கி, கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் குடமுமாகப் பலாமரத்தடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். மற்ற வளைவுகளில் ஈ காக்கை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் ஒரு கறுப்பு வண்டி வந்தது, போனது. வெகு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வெள்ளை வண்டி. அதுவும் தனியாக.

கொடியோடு நின்ற தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன்.

"இது மலைப் பந்தயம்மா. ஒண்ணொண்ணாத்தான் விடுவாங்க. யார் சீக்கிரம் ஏறினாங்கன்னு கடிகாரத்துல பார்ப்பாங்க. முந்துற பேச்சே கிடையாது."

இத்தனை கிராண்ட் பிரீ படித்தவளுக்கு இது தெரியவில்லை! மரத்தில் ஏறி ஒளிந்துகொள்ளலாமா என்று அண்ணாந்து பார்த்தேன்.

"ஏனுங் அம்மிணி, முந்தறது எப்பங்க?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"மொதல்ல சோத்தைத் தின்னுபோட்டுப் பாக்கலாம்," என்று மாமாவின் மனைவி, என் அத்தை, மூட்டையை அவிழ்த்தாள்.

அப்போதுதான் சிவப்பு வண்டி வந்தது. வளைவில் திரும்பியது, இருமியது, புஸ்ஸென்று ஆவி விட்டது... நின்றேவிட்டது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. துரை இறங்கித் தொப்பியால் அதற்கு விசிறினார். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ, இந்தாங்க சாமி தண்ணி!"

அவள் குடத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து உறுமிக்கொண்டு வந்தது — பச்சை வண்டி! நின்றிருந்த சிவப்பை ஒதுங்கிக் கடந்து மேலே போய்விட்டது.

"முந்திப்போட்டுதுடோய்!" எருமப்பட்டியே கத்தியது. சிலர் என்னைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தார்கள்.

"நான் சொன்ன அதே வளைவுங்க மாமா."

"செவப்பு முந்தும்னு எழுதுனே. முந்துனது பச்சை."

"வளைவு சரிதானுங்களே?"

மாமா மீசையைத் தடவினார். "பாதிதான் பலிச்சுது. அதனால ஹாண்டிலைச் சுத்தி எஞ்சினைக் கெளப்பிக்கோ. ஸ்டியரிங் பக்கம் வரப்படாது."

ஆரூடம் சொல்லிப் பெயர் வாங்குகிறவர்கள் எல்லாருமே இப்படித்தானோ? பலித்த பாதியை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, மற்ற பாதியைக் கேட்பவர்கள் மறக்கும்வரை காத்திருக்கிறார்களோ? என் மாமா மறக்கிற ஆள் இல்லை. அதுதான் என் கஷ்டம்.

நேற்றுக் காலை பஸ்ஸின் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றினேன். கையை உதறித் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினேன். எஞ்சின் கிளம்பிவிட்டது! மாமா இன்னும் காபி கிளப்பிலிருந்து வெளியே வரவில்லை.

டிரைவர் சீட் ஒன்றும் அவ்வளவு உயரமில்லை. ஏறிவிட்டேன்.