தாகத்துக்கு டூர், தனிமைக்கு அலை

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற பிள்ளைகளை நான் அழ வைக்கிறேன். பள்ளியில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எங்கள் பாடு புரியும். வாயில் நுழையாத வார்த்தையை நம்ம ஊர்ப் பேச்சு எதிலாவது கட்டித்தான் உள்ளே இழுப்போம்.

டூர்

தாகத்துக்கு ஜெர்மனில் 'டுர்ஸ்ட்'. "டூர் போனா தாகம் எடுக்கும், அப்படி ஞாபகம் வச்சிக்கோங்க" என்றேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நோயாளி மாதிரி பெஞ்சில் படுத்துக்கொண்டு, தாகமாக இருக்கிறது என்று ஜெர்மனில் முனகினேன். தண்ணீர் தர வேண்டியவள் ஏரல் முத்துச்செல்வி. ஆஸ்பத்திரியில் கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், விழித்தாள், பிறகு முகம் மலர்ந்து கேட்டாள்: "மிஸ், எங்க டூர் போறீய?"

அலை

ஜெசிந்தா மீனவர் வீட்டுப் பெண். ஏற்கெனவே தேர்வில் தோற்றிருந்தாள். இன்னொரு தடவை தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிறகு தேறிவிட்டாள், பயப்படாதீர்கள். ஆனால் அப்போது என் வித்தை எதுவும் அவளிடம் ஒட்டவில்லை.

ஒருநாள் 'அலைன்' என்ற வார்த்தை வந்தது. 'தனியாக' என்று அர்த்தம். இதை எதில் கட்டலாம் என்று நான் யோசிக்கும்போதே, "எனக்கு ஒட்டிக்கிட்டு மிஸ்" என்றாள். எப்படி என்று கேட்டேன்.

"எஞ்சின் நின்னுபோயி எங்கப்பா அலையில ஒத்தையில கெடந்தாவ. கரைக்கு வந்த பொறவு அதப்பத்தி வாயே தெறக்கல. இப்பதான் மிஸ் அதுக்கு ஒரு வார்த்த கெடச்சிருக்கு."

ஹைவே

முத்துச்செல்வி ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு, அவள் அம்மா பஸ் பிடித்து வகுப்புக்கே வந்துவிட்டார். மகள் போனில் அழுதுகொண்டே தனக்கு ஏதோ வந்திருப்பதாகச் சொன்னாளாம். அதைத் தமிழில் சொல்லு என்றதற்குப் போனை வைத்துவிட்டாளாம். "அது என்ன நோய் டீச்சர்? மறந்திரக் கூடாதேன்னு பைபாஸ் ரோட்ட நெனச்சிக்கிட்டு, ஹைவே ஹைவேன்னு சொல்லிக்கிட்டே வாரேன்."

மகள் சொன்னது 'ஹைம்வே'. நோயில்லை அம்மா, வீட்டை நினைத்து ஏங்குவதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள் என்றேன். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "போனவளுக்கு அப்படின்னா, இங்கன கெடக்க எங்களுக்கு என்ன பேரு டீச்சர்?"

எதையெதையோ ஒட்டி முழ நீளத்துக்கு வார்த்தை செய்கிற ஜெர்மன்காரர்கள், இதற்கு மட்டும் ஒன்று செய்யாமல் விட்டு என்னை மாட்டிவிட்டார்கள்.