பொட்டலத்தில் போன செய்தி

நண்பர்களே, இன்று ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் ஒரு கூத்து.

நான் சைக்ளோஸ்டைல் எடுக்கும் மாத இதழை மளிகைக்கடை பாய் வாசலில் தொங்கவிட்டிருப்பார். தோல் பதனிடும் கடுக்காய் வாணியம்பாடியில் என்ன விலைக்குப் போகிறது என்று எங்கள் மலையில் அதில் மட்டும்தான் வரும். இன்று தொங்கவில்லை.

"பெரிய பேப்பர் ஏஜெண்டு வந்தாரு சார். உங்க தாளைத் தொங்கவுட்டா அவங்க பேப்பர் வராதாம்," என்றார் பாய்.

"அப்ப என் கட்டு இன்னா ஆச்சு?"

"தொங்கவுடக் கூடாதுன்னுதான் சொன்னாரு. பொட்டலம் கட்டக் கூடாதுன்னு சொல்லலியே. எல்லாம் போயிடுச்சு."

அதற்குள் ஒரு அம்மா சர்க்கரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "இன்னா பாய், கடுக்கா விலைன்னு போட்டுக்குது, விலையைக் காணோம்?"

தாளை இரண்டாகக் கிழித்ததில் விலை வேறு யாரோடோ போய்விட்டது.

"இன்னொரு கால் கிலோ வாங்கும்மா," என்றார் பாய், அசராமல்.

நானே விலையைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயால சொன்னா கடுக்கா வாங்க வர்ற கம்பெனி ஆளு ஒத்துக்குவானா? பேப்பர்ல காட்டணுங்க."

எழுதினவனே நான்தான். ஆனால் காட்டக் கையில் ஒரு பிரதி இல்லை.

அந்த இன்னொரு பாதி உங்களில் யார் வீட்டுச் சர்க்கரையில் இருக்கிறது?