கோல்கீப்பரிடம் அம்மா சொன்ன ரகசியம்

பிள்ளைகளா, எந்த நாட்டுக்குப் பந்து விளையாடுறதுன்னு உங்களைப் பெத்த அத்தா நான் தவிச்ச கதை இது. இந்திய டீமும் கூப்பிட்டது; என் அம்மா பிறந்த பர்மாவும் கூப்பிட்டது. இந்தியான்னு சொன்னால் அம்மா மனசு கஷ்டப்படுமேன்னு பயந்தேன்.

அந்தச் சமயம் ரங்கூன் டீம் ஒன்று திருச்சிக்கு ஆட வந்தது. எங்க ஊர் டீமுக்குப் பெனால்டி கிடைக்க, நான் அடிக்கப் போனேன். கூட்டத்திலிருந்து அம்மா ரங்கூன் கோல்கீப்பரைப் பார்த்துப் பர்மிய மொழியில் கத்தினார்: "இடது பக்கம்தான் அடிப்பான்!"

வலது பக்கம் அடித்தேன். கோல்! முதலில் குதித்தது அம்மாதான்.

"ஏம்மா என்னைக் காட்டிக் கொடுத்தீங்க?"

"அவன் எங்க ஊர்ப் பிள்ளைடா, பாவம். நான் கத்தினது உனக்கும் புரியும்ல?"

அவர் மனசில் ரெண்டு நாட்டுக்கும் இடம் இருந்தது. நான்தான் வீணாகப் பயந்திருக்கிறேன். மறுநாள் தனியாகப் பாலக்கரை வரை நடந்து போய், இந்தியாவுக்கே ஆடுகிறேன் என்று ரங்கூனுக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.