கழற்றாமல் விட்ட ஒரு ஜோடிக் கண்ணி

என் மச்சினனின் சைக்கிளுக்கு நான்தான் செயின் மாட்டிக் கொடுத்தேன். தளர்வாக இருக்கிறது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

அவன் என் மனைவிக்குத் தம்பி. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். குச்சனூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வாய்க்கால் கரையில் பைக் ஓட்ட முடியாது என்று பழைய கியர் இல்லாத சைக்கிளில் போய்வருவான். எங்கள் இருவருக்கும் வாய்க்கு முன்னால் கை நீளும். ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துவிட்டு, மறுநாள் சேர்ந்து டீ குடித்ததும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுச் செயினோடு வந்தான். பழையது அறுந்துவிட்டதாம். சைக்கிள் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து, பின் சக்கரத்தை, அதன் அச்சு உட்காருகிற சட்டப் பள்ளத்தில் முன்னால் தள்ளினேன். செயினை இரண்டு பல்சக்கரங்களிலும் சுற்றி, முனைகள் சந்திக்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மிச்சக் கண்ணிகளைத் தட்டி எடுத்துவிட்டு இணைத்தேன். சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கும்போது அவன் சொன்னான்.

"வெரசாப் போடுங்க மச்சான். வேல இல்லாம வீட்டுல உக்காந்திருக்கவுகளுக்கு இதுகூட வெரசா வராதா?"

வாழைக்காய் மண்டியில் என் வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தெருவில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

சக்கரம் பள்ளத்தின் கடைசிக்கே வந்துவிட்டது. செயின் இன்னும் தொங்கியது; கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டேன். நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் ஆடலாம். இது இரண்டு அங்குலம் ஆடியது. இன்னும் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. நான் நட்டை இறுக்கி, செயின் கவரை மூடி, "எடுத்துட்டுப் போ" என்றேன். விழுந்து முட்டி தேயட்டும் என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. குச்சனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே, பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். செயின் நழுவிவிட்டது. கால் வெறும் பெடலோடு கீழே போக, வாய் நேராக ஹேண்டில்பாரில் மோதியது. முன்பற்கள் இரண்டும் போய்விட்டன.

நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதல் அடி முதுகில் விழுந்தபோது பாம்பு கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பினால், சட்டையெல்லாம் ரத்தமாக அவன். செயினைக் கழற்றி, முனையைக் கையில் சுற்றியிருந்தான்.

"கொல்லவாடா பாத்த என்னய?"

இரண்டாவது அடி தோளைப் பிளந்தது. நான் அவன் கழுத்தைப் பிடித்துத் துவைக்கிற கல்லில் மோதினேன். பிறகு அவன் வாயில் குத்தினேன். ஏற்கெனவே உடைந்த இடம் என்று பார்த்தே குத்தினேன். அவன் ஊளையிட்டான்.

"ஏலே விடுடா! ஏங்க, நீங்களும் விடுங்க!" என் மனைவி குறுக்கே ஓடிவந்து கையை நீட்டினாள். அதற்குள் அவன் வீசிய செயின் நிற்கவில்லை. அவளுடைய வலது கையில் விழுந்தது.

அவள் கையைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தையல் வேலைதான் அவளுக்கு. நடுவிரல் எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். "டாக்டரு கேட்டாகன்னா கதவு இடுக்குல மாட்டிக்கிருச்சுன்னு சொல்லுங்க" என்றாள். 

சொந்தக்காரர்கள் கூடினார்கள். சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு மச்சானை அடிப்பாயா, அக்கா கையை ஒடிப்பாயா என்று எல்லாரும் அவனைத்தான் ஏசினார்கள். அவன் என் காலில் விழுந்தான். வாய் வீங்கி, பேச்சு குழறியது. "தெரியாமப் பண்ணிட்டேன் மச்சான்." நான் அவனைத் தூக்கிவிட்டேன். செயினைத் தளர்வாக விட்டதைச் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவள் அழுத ஒரு மத்தியானம் அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து என்னை அறைந்தாள். மடங்காத அந்த விரல் என் கண்ணோரத்தைக் கீறியது. "அவன் ஒங்க கால்ல விழுந்தானே, அப்பவும் வாயத் தொறக்கலையே" என்றாள். அன்றே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அங்கே போனேன். அடி வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவன் வாசலில் நின்று, புதிதாகக் கட்டிய பற்கள் தெரிய, என்னைப் பார்த்தான்.

"அடிக்க மாட்டேன். அடிச்சா ஒங்களுக்குக் கணக்குச் சரியாப் போயிரும்" என்றான். கதவைச் சாத்தினான்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். சமைக்கிறாள், பேசுகிறாள். இடது கையால் துணி வெட்டப் பழகியிருக்கிறாள். அவன் மட்டும் என்னைக் கண்டால் தெருவின் எதிர் ஓரத்துக்குப் போய்விடுகிறான்.